வமைதா அனுப்பிய மூன்றாவது படம்

அந்தக் குரல் செய்தி மொத்தம் இருபத்திரண்டு விநாடி. பேசி முடித்துவிட்டு ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்கும்போதெல்லாம் காது மடல் சுடும்.

நான் கிதோங்கா. நைவாஷா ஏரிக்கரையில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி. பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. பிறந்தது மேலே, கினாங்கோப் மேட்டுநிலத்தில். அங்கே பறவைகளில் ஆர்வம் உள்ளவர்கள் சேர்ந்து ஃபோனில் ஒரு குழு வைத்திருந்தோம். நூற்றைம்பது பேர் இருப்போம். பால்மாடு வைத்திருக்கிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், மட்டாட்டு என்கிற பயணிகள் வேனின் நடத்துநர் ஒருவர் என்று எல்லாரும் உண்டு. வயலில் எதைப் பார்த்தாலும் படம் எடுத்துப் போடுவார்கள். பெயர் சொல்வது என் வேலை. யாரும் என்னை அதற்கு நியமிக்கவில்லை. சொல்லிச் சொல்லி அது என் நாற்காலி ஆகிவிட்டது. என்னை 'ம்வாலிமு' என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியார் என்று அர்த்தம். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது சின்ன வார்த்தை.

எங்கள் மேட்டில் நெடுநகம் என்று ஒரு வகைப் பறவை உண்டு. மைனா அளவு, மஞ்சள் மார்பு, கழுத்தில் கறுப்பு மாலை, பின்விரலில் நீண்ட நகம். அதில் இரண்டு சாதி. ஒன்று மஞ்சள்தொண்டை, எங்கு பார்த்தாலும் இருக்கும். மற்றது ஷார்ப் நெடுநகம். உலகத்திலேயே எங்கள் நாட்டு மேட்டுநிலங்களில் மட்டும்தான் அது இருக்கிறது, அதுவும் உழாத குத்துப்புல் தரையில் மட்டும். ஒருமுறை கலப்பை இறங்கினால் போய்விடும், திரும்பி வராது. ஆகவே அது யார் நிலத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு வேலி போட்டுக்கொடுத்து, ஆடு மேய்த்துக்கொண்டே புல்லை வைத்திருக்க உதவுவது என்று குழுவில் முடிவு செய்திருந்தோம். இருக்கிறதா என்பதை உறுதி செய்ய வேண்டியவன் நான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. விடுதி ஒன்றின் புல்தரையில் இரண்டு பயணிகளுக்கு மீன்கொத்திகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். வேன் ஓட்டி கிமேமியா பக்கத்தில் நின்றான். அப்போதுதான் குழுவில் வமைதாவின் செய்தி வந்தது. வமைதா மேட்டில் ஞாபினி ஊருக்கு அந்தப் பக்கம் நாலு மாடும் இருபது செம்மறியும் வைத்திருக்கிற பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். மூன்று படங்கள் அனுப்பியிருந்தாள். கீழே ஏதோ எழுதியிருந்தது. "ம்வாலிமு, இது ஷார்ப் தானே" என்பதை மட்டும் படித்தேன். முதல் படத்தைத் திறந்தேன்.

குட்டை வேலிக்கம்பத்தின்மேல் ஒரு பறவை, முகத்தை நேராகக் காட்டிக்கொண்டு. மார்பு மஞ்சள். மாலை முழுசாக இல்லை, கறுப்புக் கீற்றுகளாக உடைந்து உடைந்து இருந்தது. ஷார்ப்புக்கு மாலை அப்படி இருக்கும், மஞ்சள்தொண்டையின் இளம்பறவைக்கும் அப்படித்தான். புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் அது. போதாததற்குக் கம்பம் வேறு. ஷார்ப் பெரும்பாலும் தரையை விட்டு ஏறாது. ஏறவே ஏறாது என்று நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"என்ன, ஷார்ப்பா?" என்றான் கிமேமியா, எட்டிப் பார்த்து.

"இந்த வாரத்துல இது ஆறாவது ஷார்ப்டா. வானத்துலேர்ந்து கொட்டுது" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. ஃபோனை வாயருகே வைத்துக்கொண்டு குழு முழுவதும் கேட்கும்படி பேசினேன்.

"அம்மா தாயே, மஞ்சளா இருக்கறதெல்லாம் ஷார்ப் ஆயிடுமா? இது சாதாரண மஞ்சள்தொண்டையோட குஞ்சு. மாலை இன்னும் முழுசாக் கட்டல, அவ்ளோதான். அதுல கம்பத்து மேல வேற ஏறி உக்காந்திருக்கு. ஷார்ப் கம்பம் ஏறாதுன்னு எத்தன தடவ சொல்றது? அடுத்த தடவ உங்க வீட்டுக் கோழிக்குஞ்சுக்கு மஞ்சள் பூசி அனுப்புங்க, அதுக்கும் பேர் சொல்றேன்."

கடைசியில் கிமேமியாவின் சிரிப்பும் சேர்ந்து பதிவாகியிருந்தது. சாயங்காலத்துக்குள் சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. வமைதா ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: "நன்றி."

பதின்மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, வீட்டில் உட்கார்ந்து பாடம் தயார் செய்துகொண்டிருந்தேன். புதிய வழிகாட்டிகளைத் தேர்வு செய்யும் குழுவில் அந்த மாதம்தான் என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். மறுநாள் இருபது பேருக்கு முதல் வகுப்பு. 'எல்லாரும் செய்யும் தவறுகள்' என்று தலைப்பு வைத்தேன். முதல் உதாரணமாக யாருடைய படத்தைப் போடலாம் என்று யோசித்தபோது வமைதாவின் படம்தான் ஞாபகம் வந்தது. சிரிப்பு நிச்சயம்.

மூன்று படங்களையும் கணினியில் இறக்கினேன். முதல் படம் ஏற்கெனவே பார்த்ததுதான். இரண்டாவதில் பறவை திரும்பி நின்றது. முதுகு முழுக்கக் கருங்கோடுகள், இறக்கை ஓரத்தில் மஞ்சள் இல்லை. இரண்டும் மஞ்சள்தொண்டைக்குப் பொருந்தாதவை. மூன்றாவதைத் திறந்தேன்.

பறவை எழும்புகிற நேரத்தில் எடுத்தது. உடம்பு கலங்கிப்போய் ஒரு பழுப்புப் புகை மாதிரி இருந்தது. வால் மட்டும் விசிறியாக விரிந்து, துல்லியமாக விழுந்திருந்தது. இரண்டு ஓரமும் அடியிலிருந்து நுனிவரை வெள்ளை. மஞ்சள்தொண்டைக்கு வால் மூலையில் மட்டும்தான் வெள்ளை இருக்கும். குஞ்சோ கிழமோ, அதில் மாற்றமில்லை. இதையும் நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் அவள் எழுதியிருந்ததை முழுசாகப் படித்தேன். "ம்வாலிமு, இது ஷார்ப் தானே? பார்த்துச் சீக்கிரம் சொல்லுங்கள். நிலத்தை உழுவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. நீங்கள் சொல்வதைத்தான் அவர் கேட்பார்."

கணினியை மூடிவிட்டேன். என் மனைவி உள்ளேயிருந்து, "சாப்பிட வரலையா? கிதேரி ஆறுது" என்றாள். வந்து உட்கார்ந்தேன். சோளமும் பீன்ஸும் வாயில் மண் மாதிரி இருந்தன.

அன்றைக்கே ஒரு செய்தி போட்டிருக்கலாம். ஃபோன் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்படிப்பட்ட விஷயத்தை நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருந்தது. உண்மை என்னவென்றால் மறுநாள் வகுப்பு. இருபது பேரும் எங்கள் ஃபோன் குழுவில் இருந்தவர்கள்.

வகுப்பில் வேறு யாரோ அனுப்பிய ஒரு பருந்தின் படத்தைப் போட்டேன். ஒரு பெண் கை தூக்கி, "ம்வாலிமு, அந்தக் கோழிக்குஞ்சுப் படத்தையும் விளக்குங்களேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அத விடுங்க, பாவம்" என்றேன். பெருந்தன்மை மாதிரி இருந்திருக்கும் அவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தேன். மைத்துனர் வீட்டில் பெண் கேட்டு வந்திருந்தார்கள், ஆட்டிறைச்சி, பாட்டு, பேச்சு என்று பொழுது போனது. திங்கள் முதல் புதன் வரை பயணிகள். வியாழன், வெள்ளி சும்மாதான் இருந்தேன். வண்டியைக் கழுவினேன். சனிக்கிழமை காலை மட்டாட்டு பிடித்து மேலே ஏறினேன்.

வமைதாவின் வீட்டுக்குப் போகிற மண்பாதையில் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. அவர்களுடைய நாலு ஏக்கரும் சாக்லேட் நிறத்தில் புரண்டு கிடந்தது. டிராக்டர் சால்கள் ஒரு கோணல் இல்லாமல் ஓடின. நூறு உண்ணிக்கொக்குகளாவது புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. குத்துப்புல் வேரோடு மல்லாந்து கிடந்தது, நுனியில் பச்சை இன்னும் வாடவில்லை.

வமைதா முற்றத்தில் பால்கேன் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ம்வாலிமு! எங்க வீடு தேடி வந்திருக்கீங்க! வாங்க வாங்க, குளுருது, உள்ள வாங்க."

தேநீரும் வேகவைத்த சேனைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன். வேலையா இருக்கற மனுஷன்கிட்ட போய் ஒரு குஞ்சுப் படத்தக் காட்டி... மன்னிச்சுக்கோங்க. எனக்குப் படிப்பு அவ்ளோதான். அப்புறம் எல்லாப் படத்தையும் அழிச்சுட்டேன்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் கிண்ணத்தைப் பிடித்தபடி தலையாட்டினேன். ஆட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நேரத்தில் அவள் புருஷன் கதுங்கு வந்தான். பெரிய உடம்பு, பெரிய குரல். என் கையைப் பிடித்து உலுக்கினான்.

"நம்ம ம்வாலிமுவா! உங்க வாயில தேன ஊத்தணும். இவ ஒரு மாசமா என்னை உழ விடல. பறவ இருக்கு, பறவ இருக்குன்னு ஒரே பாட்டு. சரி, உன் வாத்தியார் இருக்குன்னு சொல்லட்டும், கலப்பையத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். நான் சொன்னா சொன்னதுதான். அப்புறம் பால் ஊத்தற எடத்துல உங்க குரலப் போட்டாங்க பாருங்க! ஐயோ, கியூவே விழுந்து விழுந்து சிரிச்சுது."

"பால் ஊத்தற எடத்துலயா?" என்றேன்.

"பின்ன? இப்பகூட இவளப் பாத்தா, பறவைக்காரம்மா, இன்னைக்கு எத்தன மணி விமானம்னு கேக்கறானுங்க." எங்கள் ஊரில் பறவைக்கும் விமானத்துக்கும் ஒரே சொல். அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். வமைதா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ இப்பல்லாம் கேன என் தங்கச்சிகிட்ட குடுத்து அனுப்பறா."

நான் கிளம்பும்போது அவன் ஒரு பெரிய முட்டைக்கோஸைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான். "உங்க புண்ணியத்துல உருளக்கிழங்கு போட்டாச்சுன்னா, ஒரு மூட்ட உங்களுக்கு."

முட்டைக்கோஸை அணைத்துக்கொண்டு வாசல் வேலிவரை நடந்தேன். கழியை நகர்த்தி வெளியே காலை வைத்துவிட்டேன். அங்கிருந்து மட்டாட்டு நிற்கிற இடம் பத்து நிமிஷ நடை. போயிருக்கலாம். அவள் படங்களை அழித்துவிட்டாள், குழுவில் வேறு யாரும் அந்த வாலைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்தக் கணக்கு என் மனதில் ஓடியதை நானே பார்த்தேன். பார்த்தபோதுதான் என்மேல் எனக்குக் குமட்டியது. திரும்பி வந்தேன்.

"அது ஷார்ப்தான்" என்றேன்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"நீங்க சொன்னது சரி, வமைதா அக்கா. அது ஷார்ப்தான். மூணாவது படத்துல வால் தெளிவா இருக்கு. ரெண்டு பக்கமும் வெள்ளை. நான் முதல் படத்த மட்டும் பாத்துட்டுப் பேசிட்டேன்."

கதுங்கு நிலத்தைப் பார்த்தான். "இப்ப வந்து சொன்னா? உழுதத நான் தைக்கவா முடியும்?" என்றான். அந்தப் பெரிய குரல் பாதியாகியிருந்தது.

வமைதா கேட்டது வேறு. "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பதான்... கொஞ்ச நாள் முன்னாடி."

"கொஞ்ச நாள்னா?"

அவள் குரல் உயரவில்லை. பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"போன வாரம் வெள்ளிக்கிழமை."

"டிராக்டர் இந்த வியாழக்கிழமதான் வந்துச்சு" என்றாள் வமைதா.

நடுவில் ஆறு நாள். மூன்று பேருக்கும் கணக்குத் தெரியும். கதுங்கு என் முகத்தைப் பார்க்கக் கூசி வேறு பக்கம் திரும்பினான். அவன் திட்டியிருந்தால் தேவலாம்.

"அக்கா, நான் இப்பவே குழுவுல எழுதிடறேன்" என்று ஃபோனை எடுத்தேன்.

"எழுத வேண்டாம்" என்றாள். "எழுதுனா நாலு பேரு படிப்பாங்க. நீங்க வாயால சொன்னீங்க, எல்லாரும் காதால கேட்டாங்க. நாளைக்குக் காலைல ஆறரைக்குப் பால் ஊத்தற எடத்துக்கு வாங்க. நானும் வர்றேன், கேன எடுத்துக்கிட்டு."

அன்று ஞாபினியில் என் பெரியப்பா மகன் வீட்டில் தங்கினேன். காலையில் மூடுபனி முழங்கால் அளவுக்கு நின்றது. பால் நிலையத்தில் முப்பது பேருக்குமேல் கேன்களோடு வரிசையில் இருந்தார்கள். அளந்து எழுதுகிறவள் நியோகாபி என்னைப் பார்த்துவிட்டு, "ம்வாலிமு, மாடு வாங்கிட்டீங்களா?" என்றாள். வமைதா வரிசையின் கடைசியில் நின்றாள். யாரோ, "பறவைக்காரம்மா வந்தாச்சு, ஓடுபாதைய விடுங்கப்பா" என்றான். சிரிப்பு.

நான் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நூறு பேருக்கு முன்னால் பேசிப் பழகிய வாய். அன்று தராசைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கினேன்.

"என் குரல இங்க போட்டுக் கேட்டீங்கன்னு தெரிஞ்சுது. அதுல நான் சொன்னது தப்பு. வமைதா அனுப்பினது ஷார்ப் நெடுநகம். அவங்க மூணு படம் அனுப்பினாங்க, நான் ஒண்ணுதான் பாத்தேன். பாக்காமலே கிண்டல் பண்ணினேன். அப்புறம் தப்புன்னு தெரிஞ்சும் எட்டு நாள் சொல்லல. அதுக்குள்ள நிலத்த உழுதுட்டாங்க."

ஒரு கேன் மூடி கீழே விழுந்து உருண்டது. விமானக் கிண்டல் செய்தவன், "ஏன் சொல்லல?" என்று கேட்டான். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"உங்களுக்கா!" என்றாள் நியோகாபி. பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க புல்லுல கூட ஒரு ஜோடி திரியுது. படம் எடுத்து வெச்சிருக்கேன். அன்னைக்கு அந்தச் சத்தத்தக் கேட்டதும், நமக்கெதுக்கு வம்பு, நம்மளையும் கோழின்னு சொல்லிடுவாருன்னு அனுப்பல."

வரிசையில் இன்னொருவர், ஒரு கிழவர், தன்னிடமும் இரண்டு படம் இருப்பதாகச் சொன்னார். மட்டாட்டு நடத்துநரும் எதையோ முணுமுணுத்தான். நாற்பத்தொரு சிரிப்புப் பொம்மைகளை எண்ணிய நான், அந்த வாரத்திலிருந்து குழுவில் எத்தனை பேர் படம் போடுவதை நிறுத்தினார்கள் என்று எண்ணவே இல்லை.

வமைதா முறை வந்ததும் பாலை ஊற்றினாள், சீட்டை வாங்கிக்கொண்டாள், போனாள். என்னைத் தாண்டும்போது நிற்கவில்லை.

அந்த வாரமே தேர்வுக் குழுவிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். தலைவர், "இதெல்லாம் ஒரு தப்பா? எல்லாருக்கும் நடக்கறதுதானே, கிழிச்சுப் போடுங்க" என்றார். ஒரு பறவையின் பெயர் தப்பிப்போனதைத்தான் அவர் நினைத்தார். நான் நினைத்தது அந்த ஆறு நாளை. அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் கடிதத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் கடைசியில் வமைதாவிடமிருந்து ஃபோன் வந்தது. அவர்கள் நிலத்துக்கு வடக்கே இன்னும் உழாத துண்டுகள் சில இருந்தன. அந்தப் பறவை அங்கே போயிருக்கலாம், மழை பிடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும், நாலு கண் இருந்தால் நல்லது என்றாள். வரச்சொல்லிக் கெஞ்சவும் இல்லை, பழையதைப் பேசவும் இல்லை. நான்கு நாள் காலை போனோம். அவள் ரப்பர் பூட்ஸில் முன்னால் நடப்பாள், நான் இருபது அடி பின்னால். முதல் மூன்று நாளும் மஞ்சள்தொண்டைகள்தான். அவை வேலிமேல் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தன.

நாலாம் நாள் ஒன்பது மணி வாக்கில், அவள் காலடியிலிருந்து ஒன்று எழும்பியது. தாழப் பறந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. இரண்டு விநாடிகூட இருக்காது. பைனாகுலரைத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. வெள்ளையாக ஏதோ பார்த்தது போல இருந்தது எனக்கு. அது அதுவாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. இருந்துவிட்டால் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

"வெள்ள தெரிஞ்சுதுல்ல?" என்றேன்.

"தெரிஞ்சுது" என்றாள் வமைதா. "ஓரம் முழுக்கவா, மூலைல மட்டுமா?"

யோசித்தேன். கண்ணை மூடியும் பார்த்தேன்.

"நான் பாக்கல" என்றேன்.

"நானும் பாக்கல."

மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு மணி நேரம் தேடினோம். எழும்பவில்லை. தூறல் ஆரம்பித்தது. அவள் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள், அவள் கை ஈரமாக இருந்ததால். தேதி, நேரம், இடம் எழுதினேன். பறவையின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

"நெடுநகம் ஒண்ணு, எந்தச் சாதின்னு தெரியலன்னு போடுங்க" என்றாள்.

அப்படியே எழுதினேன். அவள் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, நோட்டை மறுபடி பிளாஸ்டிக்கில் சுற்றினாள். மழை வலுப்பதற்குள் மாடுகளைக் கட்ட வேண்டும் என்று முன்னால் நடந்தாள்.